கட்டுமரத்துக்குத் தேவைப்படாத வாளி வள்ளத்துக்கு ஏன் தேவை? படகுக்குள் ஏறும் தண்ணீர் வெளியேறுவது இப்படித்தான்!

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்பட்டணம் துறைமுகங்களில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஆனால் இந்தத் தடை விசைப்படகுகளுக்குத்தான். கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று கடலைப் புரட்டி எடுக்கும் அதே இரண்டு மாதங்களில், பெரிய படகுகள் கரையில் நிற்க, சின்ன பைபர் வள்ளங்கள் அலையைத் தாண்டிப் போகின்றன.

பத்மநாபபுரம் கோட்டைக்குள் நின்று பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் பத்மநாபபுரம் வருவாய்க் கோட்டத்தின் தெற்கு எல்லையே கடல்தான். தடைக்காலத்தில் தக்கலை பக்கத்து வீடுகளில் கொதிக்கும் குழம்பில் உள்ளூர்க் கடல் மீன் கிடந்தால், அது பெரும்பாலும் வள்ளக்காரர்கள் கொண்டுவந்ததாகத்தான் இருக்கும்.

அந்த வள்ளத்துக்குள் ஒவ்வொரு அலைக்கும் தண்ணீர் ஏறுகிறது. சரி, ஏறின தண்ணீர் எங்கே போகிறது? தானாக வடிந்துவிடுமா? யாராவது இறைத்து ஊற்ற வேண்டுமா? கேட்க சாதாரணக் கேள்வி மாதிரி இருக்கும். ஒரு சின்னப் படகு மூழ்குமா, கரைக்குத் திரும்புமா என்பதைப் பல நேரங்களில் இதுதான் முடிவு செய்கிறது.

அரண்மனை முற்றத்தில் இருக்கும் பதில்

கடலுக்குப் போவதற்கு முன்னால் பத்மநாபபுரம் அரண்மனைக்கே ஒருமுறை போய்விட்டு வரலாம். அங்குள்ள தாய்க்கொட்டாரம் நாலுகெட்டு அமைப்பில் கட்டப்பட்டது. நான்கு பக்கமும் சரிந்த ஓட்டுக் கூரை, நடுவில் திறந்த முற்றம். மழை பெய்தால் கூரையில் விழுந்த தண்ணீர் நிற்காமல் சரிந்து கீழே வந்துவிடும். அதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. முற்றத்தில் விழுந்த தண்ணீர் அப்படி இல்லை. தரையில் வாட்டம் இருக்க வேண்டும், ஓரத்தில் ஒரு ஓவு இருக்க வேண்டும், அந்த ஓவு வெளியே உள்ள நிலத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால்தான் முற்றம் காயும்.

இப்போது ஒரு கற்பனை. அந்த முற்றத்தின் தரை வெளியே உள்ள தெருவைவிட இரண்டு அடி பள்ளத்தில் இருக்கிறது. தெருவில் வெள்ளம் ஓடுகிறது. ஓவைத் திறந்தால் என்ன ஆகும்? முற்றத்துத் தண்ணீர் வெளியே போகாது. தெருத் தண்ணீர்தான் உள்ளே வரும்.

படகில் நடப்பதும் இதேதான். ஒரு படகில் ஆட்கள் நிற்கும் தரை கடல் மட்டத்துக்கு மேலே இருந்தால், அது கூரை மாதிரி. ஓட்டை போட்டால் தண்ணீர் தானே வடியும். தரை கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தால், அது பள்ளத்து முற்றம். ஓட்டை போட்டால் கடல் உள்ளே வரும். அங்கே சேரும் தண்ணீரைத் தூக்கித்தான் வெளியே கொட்ட முடியும்.

மேல்தளத்தில் ஏறுவது முதல் வகைத் தண்ணீர். படகின் அடிவயிற்றில் சேருவது இரண்டாம் வகை. இந்த அடிவயிற்றைத்தான் விசைப்படகுக்காரர்களும் மெக்கானிக்குகளும் 'பில்ஜ்' என்கிறார்கள். இரண்டையும் வெளியேற்றும் வழி வேறு வேறு. ஒன்றுக்கு உள்ள வழியை இன்னொன்றுக்குப் போட்டால் ஆபத்து.

ஒரே அலை, 460 கிலோ

முதலில் மேல்தளத் தண்ணீர். 6 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள ஒரு திறந்த தளத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அலை ஏறி இறங்கியதில் அந்தத் தளம் முழுக்க வெறும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. கணுக்கால் கூட நனையாது. கணக்குப் போட்டால் 450 லிட்டர். கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் எடை ஏறக்குறைய 460 கிலோ. அதாவது, கேட்காமல் கொள்ளாமல் ஆறேழு பேர் ஒரே நொடியில் படகில் ஏறி உட்கார்ந்த மாதிரி.

இதை வெளியேற்றத்தான் தளத்தின் ஓரத்தில், பக்கச் சுவரின் அடியில் துளைகள் விடப்படுகின்றன. இதற்கு 'ஸ்கப்பர்' என்று பெயர். பெரிய விசைப்படகுகளில் பக்கச் சுவரிலேயே அகலமான திறப்புகள் இருக்கும். வேலை ஒன்றுதான்: ஏறிய தண்ணீர் அடுத்த அலை வருவதற்குள் போய்விட வேண்டும்.

'அடுத்த அலைக்குள்' என்பதில்தான் சிக்கல். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு துளைகள் மட்டும் இருந்தால், அந்த 450 லிட்டர் வடிய ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். தண்ணீர் மட்டம் குறையக் குறைய வடியும் வேகமும் குறைந்துகொண்டே போகும் என்பதால்தான் இவ்வளவு நேரம். கடலில் அலைகளோ பத்து விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில்கூட வரும். ஆறு நிமிடத்தில் முப்பது அலைக்கு மேல். துளையின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் வடியும் அளவு ஏறக்குறைய நாலு மடங்காகிவிடும். எத்தனை ஓட்டை இருக்கிறது என்பதைவிட எவ்வளவு பெரிய ஓட்டை என்பது முக்கியமாவது இதனால்தான்.

ஆனால் கடலில் துளையை அடைப்பது பெரும்பாலும் அளவு இல்லை, குப்பைதான். அறுந்த வலைத்துண்டு, மீன் செதில், நங்கூரக் கயிறின் நார், எல்லாவற்றுக்கும் மேலாக பிளாஸ்டிக் பை. ஒரு கேரி பேக் துளை வாயில் ஒட்டிக்கொண்டால் போதும். குவித்துப் போட்ட வலை துளையின் மேல் கிடந்தாலும் அதே கதை.

இன்னொரு விஷயம் உண்டு. மீன் நிறையக் கிடைத்த நாளில் படகு தாழ்ந்து போகும். காலையில் கடல் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருந்த தளம், திரும்பும்போது மட்டத்தோடு மட்டமாக நிற்கும். அப்போது அதே துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பிக்கும். இதைத் தடுக்கத்தான் சில படகுகளில் துளையின் வெளிப்பக்கம் ரப்பர் நாக்கு போல ஒன்று தொங்கும். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும், வெளியேயிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். வெயிலிலும் உப்பிலும் அந்த ரப்பர் விறைத்துப் போவதும், கிழிந்த பிறகு யாரும் மாற்றாமல் விடுவதும் தனிக்கதை.

அடிவயிற்றுக்குள் எப்படி வருகிறது தண்ணீர்?

ஓட்டையே இல்லாத படகிலும் அடியில் தண்ணீர் சேரும். அலைத் தெறிப்பு, மழை, இழுத்துப் போடும் ஈர வலை, உருகும் ஐஸ், மீனிலிருந்து வடிவது என்று எல்லாமே கடைசியில் கீழேதான் போய்ச் சேரும். பைபரில் விழும் மயிரிழை விரிசல் இன்னொரு வழி. பின்பக்கப் பலகையில் எஞ்சின் மாட்டிய போல்ட் தளர்ந்திருந்தால் அதுவும் ஒரு வழி.

உள்ளே டீசல் எஞ்சின் வைத்த விசைப்படகுகளில் இன்னொன்று சேரும். விசிறியைச் சுற்றும் தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது அல்லவா? அந்த இடத்தில் கயிறு போன்ற பேக்கிங்கைச் சுற்றி இறுக்கியிருப்பார்கள். அதைக் கிளாண்ட் என்பார்கள். அது முழுக்கக் காய்ந்து இருக்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால்தான் தண்டு சூடாகாமல் இருக்கும். தெரிந்தே விடும் கசிவு இது. சொட்டு ஒழுக்காக மாறும்போதுதான் பிரச்சினை.

இப்படிச் சேரும் தண்ணீர் படகின் மிகத் தாழ்ந்த இடத்துக்கு ஓடிவர வேண்டும். படகின் அடியில் குறுக்குச் சட்டங்கள் இருப்பதால் ஒவ்வொன்றின் அடியிலும் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை விட்டிருப்பார்கள். அது அடைந்தால் ஒவ்வொரு அறையிலும் தண்ணீர் தனித்தனியாக நிற்கும். பின்பக்கம் இருக்கும் பம்பு காய்ந்த இடத்தில் உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெரும்பாலான மோட்டார் படகுகளில் எஞ்சின் எடை பின்னால் என்பதாலும், வேகம் எடுத்தால் அணியம் தூக்கி பின்பக்கம் தாழ்வதாலும், தண்ணீர் பின்பக்கமே சேரும். பம்பும் அங்கேதான் இருக்கும்.

பம்பு பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பலாமா?

சின்னப் படகுகளுக்கான மின் பம்பு 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. கைக்குள் அடங்கும் அளவு, தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். அதோடு ஒரு மிதவை சுவிட்ச். வீட்டு மாடித் தொட்டியில் இருப்பது போலத்தான், ஆனால் தலைகீழ் வேலை: தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பி பம்பை ஓடவிடும், இறங்கினால் நிறுத்தும்.

பெட்டியின் மேல் '500' என்று போட்டிருந்தால், மணிக்கு 500 அமெரிக்க கேலன் என்று பொருள். லிட்டரில் கிட்டத்தட்ட 1,900. நிமிடத்துக்கு 31 லிட்டர். ஆனால் இது தண்ணீரை மேலே தூக்காமல், குழாய் வளைவு இல்லாமல், பேட்டரி முழு பலத்தில் இருக்கும்போது கிடைக்கும் கணக்கு. படகில் அதை முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் உயரம் தூக்கிப் பக்கவாட்டில் விட வேண்டும். அப்போது உண்மையில் கிடைப்பது இதைவிடக் கணிசமாகக் குறையும். எண்ணைப் பார்த்து வாங்கியவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வெளியே விடும் குழாயிலும் ஒரு கண் வேண்டும். குழாயின் வாய் கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் இருந்து, படகு சாய்ந்தபோது தண்ணீருக்குள் முங்கிவிட்டால், பம்பு நின்ற பிறகு அதே குழாய் வழியாகக் கடல் உள்ளே இறங்கும். கேனிலிருந்து மண்ணெண்ணெயை டியூப் வைத்து வாயால் உறிஞ்சி இறக்குவார்களே, அதே தத்துவம். அதனால் குழாயை உள்ளே உயரமாக ஒரு வளைவு கொடுத்து மேலே ஏற்றி, பிறகு வெளியே விடுவார்கள்.

இதெல்லாம் பேட்டரி உள்ள படகுக்கு. குமரிக் கரையில் பல வள்ளங்களில் இருப்பது கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் எஞ்சின். அங்கே 'பம்பு' என்பது பெரும்பாலும் ஐந்து லிட்டர் ஆயில் கேனைச் சாய்வாக வெட்டிச் செய்த கோரி. 'தண்ணி கோருவது' என்று நாஞ்சில் பக்கம் கிணற்றுக்குச் சொல்லும் அதே சொல்தான் வள்ளத்துக்கும்.

அதைக் குறைத்து எடை போட வேண்டாம். ஒரு கோரலுக்கு நாலு லிட்டர், நிமிடத்துக்குப் பதினைந்து கோரல் என்றால் 60 லிட்டர். மேலே சொன்ன மின் பம்பைப் போல இரண்டு மடங்கு! என்ன, பம்புக்குத் தோள் வலிக்காது. மனிதனால் அந்த வேகத்தில் பத்து நிமிடம் கோர முடிந்தால் பெரிது. அதோடு, ஒருவர் கோரிக்கொண்டிருக்கிறார் என்றால் வலை இழுக்கவோ அலையைப் பார்க்கவோ ஓர் ஆள் குறைவு என்று அர்த்தம். மூன்று பேர் போகும் வள்ளத்தில் அது பெரிய இழப்பு.

பின்பக்கத்து பிளக்

வள்ளத்தின் பின்பக்கம், கீழே, ஒரு ஓட்டை இருக்கும். அதில் திருகியோ அழுத்தியோ மாட்டும் ஒரு மூடி. பிளக் என்பார்கள். கரையில் ஏற்றிய பிறகு அதைத் திறந்துவிட்டு அணியத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால், அடியில் சேர்ந்த தண்ணீர் முழுக்க மணலில் வடிந்துவிடும். கடலில் பள்ளத்து முற்றமாக இருந்த வள்ளம், கரையில் ஏறிய உடனே ஓவு உள்ள முற்றமாகிவிடுகிறது. இதைவிடச் சுலபமான வடிகால் கிடையாது.

கரையில் திறந்ததை மறந்துவிட்டுக் கடலில் இறக்கினால்?

ஓட்டையின் விட்டம் ஓர் அங்குலம், அது கடல் மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் உள்ளே வரும் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 43 லிட்டர். பத்து நிமிடத்தில் 430 லிட்டர். '500' என்று போட்ட பம்பு முழு பலத்தில் ஓடினாலும் தோற்கும். அதுவும் இருட்டில், வலை குவிந்து கிடக்கும் பின்பக்கத்தில், எஞ்சின் சத்தத்துக்கு நடுவில், தண்ணீர் ஏறுவது காலில் படும்வரை தெரியாது. பிளக்கை ஒரு கயிற்றில் கட்டி ஓட்டைக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுவதும், இன்னொன்றைக் கையில் வைத்திருப்பதும் இதற்காகத்தான். சில ரூபாய் செலவில் முடிகிற விஷயம்.

பிளக் கடலிலும் வேலை செய்யும் ஒரு சூழல் உண்டு. படகு நல்ல வேகத்தில் முன்னே ஓடும்போது, பின்பக்கத்தில் தண்ணீர் படகை விட்டு விலகி ஓடும். அந்த இழுப்பில் அடியில் உள்ள தண்ணீரும் வெளியே உறிஞ்சப்படும். இந்தத் தத்துவத்தில் இயங்கும் சின்ன வடிகால் மூடிகள் பாய்மரப் பந்தயப் படகுகளில் சாதாரணம். ஆனால் வேகம் குறைந்தால் அதே ஓட்டை எதிராளியாகிவிடும். வலை இழுக்கும் வள்ளம் பாதி நேரம் நின்றுகொண்டிருப்பது. அங்கே இது சரிப்படாது.

கட்டுமரத்துக்கு ஏன் இந்தக் கவலை இல்லை?

லேசான மரத்தடிகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியதுதான் கட்டுமரம். அதற்கு வயிறே கிடையாது. மேலே ஏறிய அலை தடிகளின் இடுக்கு வழியாகவே இறங்கிப் போய்விடும். படகு மிதப்பது உள்ளே இருக்கும் காற்றால் அல்ல, மரத்தாலேயே. அதனால் தண்ணீர் ஏறி மூழ்குவது என்ற பேச்சே இல்லை. கவிழ்ந்தால்கூட நிமிர்த்திவிட்டு ஏறிக்கொள்ளலாம்.

விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. கடலுக்குப் போனது முதல் திரும்புவது வரை உடம்பு ஈரம். மீனும் வலையும் அதிகம் ஏற்ற முடியாது. தடிகள் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போனால் பிரித்துக் காயவைக்க வேண்டும். நல்ல தடி கிடைப்பதும் ஆண்டுக்கு ஆண்டு கடினமானது.

1980-களில் எஞ்சின் வந்தது. அதே காலத்தில் முட்டத்தில், பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் கில்லெட் முன்னின்று ஒட்டுப்பலகைப் படகு கட்டும் முயற்சி நடந்தது. பலகைகளைக் கம்பியால் தைத்து, இணைப்பைப் பிசினும் பைபரும் வைத்து ஒட்டும் முறை அது. அந்த அனுபவத்தை அவர் 1985-ல் எழுதிய புத்தகத்துக்கு வைத்த பெயர் 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. சிறியது கடினம் என்று. தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-ல் தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடா திட்டமும், மணல் கரையில் நேரடியாக ஏறும் படகுகளை வடிவமைத்தது. மேல்தளத்தை மூடி, ஏறிய தண்ணீர் தானே வடியும்படி, உள்ளே நுரை வைத்து மூழ்காதபடி செய்வது அந்த வடிவமைப்பின் நோக்கம். யோசித்துப் பார்த்தால், கட்டுமரத்திடம் ஏற்கெனவே இருந்த குணங்களைப் புதிய பொருளில் திரும்பக் கொண்டுவரும் வேலைதான்.

பிறகு பைபர் பரவியது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக பைபர் படகுகள் ஏராளமாக வந்தன. அவசரத்தில் கட்டப்பட்ட சிலவற்றின் தரம் அப்போதே கேள்விக்குள்ளானது. வேகம், இடம், எடை தாங்கும் திறன் எல்லாம் கூடியது. கூடவே வயிறும் வந்தது. வயிறு வந்ததும் வாளி வந்தது.

அப்படியென்றால் எல்லா வள்ளத்துக்கும் தளத்தை மூடி, தரையைக் கடல் மட்டத்துக்கு மேலே ஏற்றிவிட்டால் என்ன? செய்யலாம். ஆனால் தரை உயர்ந்தால் நிற்கும் ஆளும் குவித்த வலையும் மீனும் உயரும். எடை மேலே போனால் படகின் ஆட்டம் கூடும். பக்கச் சுவர் இடுப்பளவுக்கு இருந்தது முழங்காலளவுக்குக் குறைந்தால், வலை இழுக்கும்போது ஆளே கடலில் விழலாம். சுவரையும் உயர்த்தினால் செலவும் எடையும் கூடும். மூடிய தளத்துக்கு அடியில் விரிசல் விழுந்து தண்ணீர் சேர்ந்தால், திறந்த வள்ளத்தில் காலில் படுவது போல இதில் தெரியாது. சும்மா கிடக்கும் படகு கொஞ்சம் சோம்பலாக நகர்வதுதான் ஒரே அறிகுறி. மூடிய அறைக்கும் ஒரு சின்னத் திறப்பு வைத்து அவ்வப்போது சோதிப்பது அவசியம் என்பது இதனால்தான்.

குறைகுடம் கூத்தாடும்

படகில் தண்ணீர் இருந்தால் கனம் கூடி மூழ்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. நிறைய நேரம் படகு மூழ்குவதற்கு முன்னால் கவிழ்கிறது.

'நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்' என்பார்கள். படகுக்கு அது அப்படியே பொருந்தும். 400 கிலோ மணல் மூட்டையை அடியில் வைத்தால் படகு தாழும், ஆனால் நிலையாக நிற்கும். 400 லிட்டர் தண்ணீர் அதே இடத்தில் தளும்பினால், படகு இடப்பக்கம் சாயும்போது தண்ணீரும் இடப்பக்கம் ஓடும். சாய்ந்த பக்கமே எடை சேரும். நிமிர வேண்டிய படகு நிமிராது. அந்த நேரத்தில் அடுத்த அலை வந்தால் கதை முடிந்தது.

தண்ணீர் எவ்வளவு என்பதைவிட, அது எவ்வளவு அகலத்துக்கு ஓட முடிகிறது என்பதுதான் இங்கே பெரிய விஷயம். தளும்பும் பரப்பின் அகலம் இரண்டு மடங்கானால் கவிழ்க்கும் விளைவு எட்டு மடங்காகும். மறுபக்கமாகச் சொன்னால், அணியத்திலிருந்து பின்பக்கம் வரை நடுவில் ஒரே ஒரு தடுப்புப் பலகை வைத்தால், அந்த விளைவு கால் பங்காகக் குறைந்துவிடும். ஐஸ் பெட்டியையும் மீன் அறையையும் சின்னச் சின்னதாகத் தடுப்பதில் இந்த லாபமும் இருக்கிறது.

முகத்துவாரத்தில் எஞ்சின் நின்றால்

குமரிக் கரையில் ஆழ்கடலைவிட ஆபத்தான இடம், கரைக்கு வெகு அருகில் இருக்கிறது. தேங்காய்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் குவிந்து, அலை மடங்கி உடைந்து, படகு கவிழ்ந்து மீனவர்கள் உயிரிழப்பது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. மணலை அள்ள வேண்டும், முகத்துவாரத்தைச் சரிசெய்ய வேண்டும் என்ற கோரிக்கைக்குப் போராட்டங்களும் நடந்தன.

அந்த இடத்தில் வள்ளம் உள்ளே வரும்போது அலை பின்னாலிருந்து வருகிறது. வெளியே மாட்டும் எஞ்சினின் தண்டு நீளம் 15 அல்லது 20 அங்குலம்தான் என்பதால், அதை மாட்டும் பின்பக்கப் பலகையைத் தாழ்வாக வெட்டியிருப்பார்கள். படகின் மிகத் தாழ்ந்த சுவர் அதுதான். பின்னால் வரும் அலை அந்த வாசல் வழியாக உள்ளே கொட்டும். தண்ணீர் பின்பக்கமே தேங்கும், பின்பக்கம் இன்னும் தாழும், அடுத்த அலை இன்னும் சுலபமாக ஏறும். எஞ்சின் நனைந்து நின்றுவிட்டால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். குறுக்கே நிற்கும் வள்ளம், உள்ளே தளும்பும் தண்ணீர், உடையும் அலை. மூன்றும் சேர்ந்தால் கோருவதற்கு நேரமே இருக்காது. அதனால் முகத்துவாரத்துக்குள் நுழைவதற்கு முன்னால், வெளியே நிதானமாக இருக்கும்போதே அடியில் உள்ள தண்ணீரைக் கோரிக் காயவிட்டுவிடுவது நல்லது. நல்ல வடிவமைப்பில் எஞ்சினுக்கு முன்னால் இன்னொரு குறுக்குச் சுவர் வைத்து, இரண்டுக்கும் நடுவில் விழும் தண்ணீர் பின்னாலேயே வடிந்து போக வழி விட்டிருப்பார்கள்.

வடிகாலால் முடியாததும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி முனையைக் கடந்து போனபோது, கடலில் இருந்த ஏராளமான படகுகள் கவிழ்ந்தன. அந்த மாதிரிக் கடலில் எந்த ஸ்கப்பரும் எந்தப் பம்பும் ஈடு கொடுக்காது. அப்போது தப்பியவர்களில் பலர், கவிழ்ந்த படகைப் பிடித்தபடி நீண்ட நேரம் மிதந்தவர்கள். கவிழ்ந்த பிறகும் படகு மிதக்க வேண்டுமென்றால் அதற்குள் நுரை இருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் நுரை கிட்டத்தட்ட ஒரு டன் எடையைத் தாங்கும். ஆனால் எந்த நுரை என்பதும் முக்கியம். தெர்மாகோல் மலிவு, பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். பாலியூரித்தேன் நுரை அப்படிக் கரையாது. மூடிய அறைக்குள் என்ன அடைத்திருக்கிறார்கள் என்பது படகு வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், கள்ளக்கடல் எச்சரிக்கையோடு, சின்னப் படகுகளுக்கென்றே அலை உயரம், காற்றின் மாற்றம் ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தனி அறிவுரை வெளியிடுகிறது. தொலைபேசியில் வரும் அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு ஒரு நாள் வீட்டில் இருப்பதுதான், பல நேரங்களில் இருப்பதிலேயே நல்ல வடிகால்.

கட்டிப்போட்ட படகும் மூழ்கும்

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. மணலில் ஏற்றும் வள்ளத்துக்கு ஒவ்வொரு நாளும் பிளக்கைத் திறக்க முடிகிறது. துறைமுகத்தில் தண்ணீரிலேயே கட்டிப்போட்ட வள்ளத்துக்கு அது முடியாது. துறைமுகம் வந்ததால் அலையில் படகைத் தள்ளும் பாடு குறைந்தது உண்மை. ஆனால் தினமும் இலவசமாகக் கிடைத்த வடிகால் போய்விட்டது.

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. 12 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு திறந்த வள்ளத்தில் ஒரே இரவில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் உள்ளே சேருவது 1,200 லிட்டர். ஒரு டன்னுக்கு மேல். ஆளில்லாத படகில் தண்ணீர் பின்பக்கம் சேர்ந்து, எஞ்சின் மாட்டிய தாழ்ந்த பலகை கடல் மட்டத்துக்கு வந்துவிட்டால், காற்றே இல்லாத இரவில்கூட விடிவதற்குள் அது அடியில் போய்விடும்.

கனமழை எச்சரிக்கை வந்த இரவுகளில், எஞ்சினைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, டார்ச்சும் வெட்டிய கேனுமாக யாராவது ஒருவர் துறைமுகத்துக்கு வந்து போவது அதனால்தான்.